ஒரு சுதி கீழே

பலாமரச் சீவலின் வாசனை எங்கு வந்தாலும், மாத்தளைக்குப் பக்கத்து உக்குவளையில், கிட்டார் செய்யும் ரியாஸ் நானாவின் பட்டறையில் கேட்ட அந்த முனகல் என் காதில் எழுந்துவிடும்.

இறந்துபோன என் கணவரின் பழைய கிட்டாருக்குள்ள நாதம் எந்தப் புதுக் கிட்டாருக்கும் வராது என்று அடித்துப் பேசியவள் நான். நானா தன் கையால் செய்த புதியதை எடுத்து வைத்தார்.

"ஒங்கடது தளர்ந்து கெடக்கு. ரெண்டும் ஒரே சுதியில நின்னாத்தானே நியாயம்?"

பழையதை முறுக்கினார். தந்தி ஏற ஏற மரம் உள்ளுக்குள் முனகியது. தந்திகளைப் பிடித்திருந்த கட்டை மெல்லக் கிளம்பி, அதனடியில் நகம் நுழையும் இடைவெளி தெரிந்தது. தோற்கக் கூடாதென்ற ரோஷத்தில் அவரைத் தடுக்கவில்லை. இன்னொரு முறுக்கு. மறுபடி முனகல்.

"நிறுத்துங்க நானா. மேல் சுதி என் குரலுக்கு எட்டாதுன்னு அவருதான் எறக்கி வச்சாரு."

அவர் கை நின்றது. பழையதைத் தளர்த்திவிட்டு, தன் கிட்டாரையும் அதே சுதிக்கு இறக்கினார். இரண்டையும் மாறி மாறி மீட்டினார். புதியதில் ஒவ்வொரு சுரமும் கழுவி வைத்ததுபோல் ஒலித்தது. பழையதில் யாரோ மூச்சுவிடுவதுபோல் ஓர் இரைச்சல் கலந்திருந்தது. அந்த மூச்சைத்தான் இத்தனை நாளும் நாதம் என்று வாதாடியிருக்கிறேன்.

மாத்தளை பஸ் வரும்போது கேட்டேன்: "எது நல்லாயிருக்கு நானா?"

"என்னோடதுதான் தங்கச்சி. ஆனா அதுக்கு ஒங்கட கொரலு தெரியாது. ஒங்கடத பஸ்ஸுல இடிபடாம மடியில வச்சிக்கங்க."