குதிகாலில் ஐந்து ஆணி

புதுத் தோலின் நெடி இன்றும் என் மூக்கில் இருக்கிறது. விளக்கெண்ணெயும் மழையில் நனைந்த மாடும் சேர்ந்தாற்போன்ற அந்த வாசனை, அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரை மாதம், எனக்குப் பதினாறு வயதாகியிருந்தபோது, கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் என்னோடு ஒட்டிக்கொண்டது.

எங்கள் ஊர் வெள்ளகவிப் பக்கம், ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போகவேண்டிய முப்பது வீட்டுக் குடியிருப்பு. வெள்ளகவியைப் போலவே அங்கும் எல்லைக்கல்லைத் தாண்டிச் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. உள்ளே இருப்பதெல்லாம் "சாமி நடக்கிற மண்". ஆண்கள் கல்லுக்கு வெளியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வருவார்கள். பெண்களுக்கோ கழற்றுவதற்குச் செருப்பே கிடையாது. இந்தக் கட்டுப்பாட்டைக் காக்கிற ஊர்ப் "பெரியதனம்" வேறு யாருமில்லை, என் அப்பாதான்.

சந்தை நாளில் அம்மாவும் நானும் வெள்ளனே எழுந்து, மலைவாழைச் சீப்புகளைக் கூடையில் சுமந்து மேலே ஏறுவோம். அன்று உடைந்த பாட்டில் சில்லு ஒன்று என் உள்ளங்காலைக் கிழித்துவிட, நாங்கள் கூடை இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளின் "பூட்சு"களுக்கு அடி தைத்துக்கொண்டிருந்த அருளப்பன்தான் துணி கிழித்துக் கட்டிவிட்டான். அவனுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். அம்மா பேரத்தில் மும்முரமாக இருந்த நேரம் பார்த்து, நல்ல காலைச் செய்தித்தாளின் மேல் வைக்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றி வரைந்தான்.

"ஆட்டாதீங்க, அளவு தப்பிரும்" என்றான் தலை நிமிராமல். என்னை "ங்க" போட்டுப் பேசிய முதல் ஆள் அவன்தான். அந்தக் குளிரிலும் எனக்கு வேர்த்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்துச் செருப்பு என் கூடையின் அடியில், வாழைச்சருகுக்குள் இருந்தது. குதிகாலில் ஐந்து ஆணிகளைப் பூப்போல அடித்திருந்தான். அவன் தைக்கிற எல்லாவற்றிலும் அந்தப் பூ இருக்கும். அம்மாவுக்கு முன்னால் போட்டுக் காட்ட எனக்கு வழியில்லை. அதனால் ஞாயிறுதோறும் அவன் "கடிக்குதா?" என்று கேட்பான், நான் "கடிக்கல" என்பேன். எங்கள் காதல் முழுவதும் அந்த இரண்டு வார்த்தைதான், சிரிக்காதீர்கள், வாரம் முழுக்க அதை வைத்துக்கொண்டு நான் உயிரோடு இருந்தேன்.

செருப்பை எல்லைக்கல்லுக்கு வெளியே ஒரு மரப்பொந்தில் ஒளித்து வைத்து, விறகுக்குப் போகும்போது மட்டும் போட்டுக்கொள்வேன். என்னோடு விளையாடி வளர்ந்த அத்தை மகள் செல்லாயிக்குக்கூடத் தெரியாது. அவன் சாதிக்காரன் என் காலைத் தொட்டு அளவெடுத்தான் என்று தெரிந்தால் எனக்கு விழுவது அடி. அவனுக்கு அது அடியோடு நிற்காது. எங்கள் ஊர் ஆண்கள் கோடாலியும் கையுமாக நடமாடுகிறவர்கள்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய வாரம், ஒரு சாயங்காலம், விறகுக்கட்டோடு ஆலங்கட்டி மழையில் மாட்டிக்கொண்டு ஓடி வந்தேன். எங்கள் வாசலில் நின்ற பிறகுதான் காலைப் பார்த்தேன். செருப்பு காலிலேயே இருந்தது. அதை விறகுக்குள் செருகினேன். ஓடி வந்த வழியெல்லாம் மழை கழுவிவிட்டது. சாமி மேடையின் கூரை நிழலில் மட்டும் ஒரு தடம், குதிகாலில் பூவோடு, அச்சு வார்த்தமாதிரி நின்றது.

அப்பா அதைக் கூடை போட்டு மூடிவிட்டார். "விடியட்டும். பொம்பளப் புள்ளைக காலுதான். ஒவ்வொருத்தியா வச்சுப் பாப்போம்."

விடிந்ததும் முதல் வேலையாகச் செருப்பைக் கிடுகிடு பள்ளத்தில் எறிந்தேன். ஒன்று விழுந்த சத்தம் கேட்டது, இன்னொன்று கேட்கவே இல்லை.

மேடையைச் சுற்றி ஊரே நின்றது. பெண்பிள்ளைகள் வரிசையாக வந்து தடத்துக்குப் பக்கத்தில் கால் வைத்தார்கள். பெரியதனத்தின் மகளைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை, என்னை வரிசையில் கூப்பிடவே இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் செல்லாயியின் கால் அச்சாகப் பொருந்தியது. ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தவள் அவள். மாப்பிள்ளை வீட்டார் கூட்டத்திலேயே நின்றார்கள்.

"ஏ புள்ள, எவன் தச்சுக் குடுத்தான்?" என்றார் அப்பா. அவள் அழுதாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? அப்பா மண்வெட்டியை எடுத்தார். "இத மண்ணோட பேத்துச் சந்தைக்குக் கொண்டுபோனா, இந்த ஆணி எவன் அடிச்சதுன்னு வெரசா தெரிஞ்சுரும்."

நான் எப்படி நடந்தேன் என்று எனக்கே தெரியாது. "அப்பா, அது என் காலு" என்று சொல்லிக்கொண்டே தடத்தின் மேல் ஏறி நின்றேன். குதிகாலை அழுத்தித் திருகினேன், ஈர மண் விரலிடுக்கில் பிதுங்கி வரும்வரை திருகினேன்.

"எவன்?"

"சந்தையில வாங்குனேன்."

"எவங்கிட்டன்னு கேக்கேன்!"

முதல் அறை வலித்தது. இரண்டாவது அறையில் பயம் போய்விட்டது. அதற்குப் பிறகு எத்தனை விழுந்ததோ, என் வாய் என் பேச்சைத்தான் கேட்கும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அப்பா குனிந்து குழம்பிக் கிடந்த மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தெரிந்தேதான் அழித்தேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, "சாமி மேடையைக் கழுவி விடுங்கப்பா, சோலியப் பாருங்க" என்றார்.

செல்லாயியின் கல்யாணம் நடந்தது. என் சந்தைப் பயணம் நின்றது. மறு வருஷம் கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டியில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். சந்தைக்குப் போன முதல் ஞாயிறே அந்த இடத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு கிழவர் குடை ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். அருளப்பனுக்கு ஆபத்து எதுவும் வரவில்லை, அவனாகவே மலையிறங்கிப் போய்விட்டான் என்று அவர்தான் சொன்னார். ஆனால் அவனுக்காக நான் அடி வாங்கியது அவனுக்குத் தெரியாது, ஒரு ஞாயிறு "கடிக்குதா?" என்று கேட்கக் காத்திருந்து, அடுத்த ஞாயிறும் காத்திருந்து, என்ன நினைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனானோ. அதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு மனசு ஆற மாட்டேன் என்கிறது.

இப்போது செருப்புக்கு யாரும் ஆணி அடிப்பதில்லை, பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். ஆனாலும் கடையில் புதுச் செருப்பை எடுத்ததும் அதைத் திருப்பிக் குதிகாலைத்தான் முதலில் பார்க்கிறேன். கடைக்காரப் பையன், நான் விலை பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, "குறைச்சுக்கலாம் பாட்டி, கடிக்குதான்னு போட்டுப் பாருங்க" என்கிறான்.

"கடிக்கல" என்று சொல்லிவிட்டு வாங்கி வருகிறேன்.