அப்பாவிடம் சொல்லாமல் விட்டது

போன நவம்பரில் பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் பாஸ்டர் ஐயா இருந்தார். சபையார் ஆறு பேர், என் மனைவி எஸ்தர், அவள் மடியில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்த எங்கள் ஒன்றரை வயது ஜெனி, எல்லோரும் இருந்தோம். அப்பா மட்டும் இல்லை. திரைக்கு அந்தப் பக்கம், உள்ளறையில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

குழந்தைக்குச் சுகம் வேண்டும் என்று கண்ணீரோடு ஜெபித்தோம். புகை திரையைத் தாண்டி வந்தது. சபையார் இருமினார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான். இரும்பு உருக்கும் வார்ப்படப் பட்டறையில் வெந்து என்னைக் காலேஜ் வரை படிக்க வைத்தவர் அவர். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். அவரை எழுந்து போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த வாரமே ஜெனியை மூன்றாம் முறையாக ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "வீட்ல யாராவது சிகரெட் பிடிக்கிறாங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லீங்க மேடம்," என்றேன். சபையில் சாட்சி சொல்லும் இதே வாயால்.

எஸ்தர் என்னைப் பார்த்தாள். "எங்க மாமா புடிப்பாருங்க. ஊட்டுக்குள்ளயே," என்றாள்.

"அப்புறம் நான் மருந்து கொடுத்து என்னம்மா பண்றது?"

வெளியே வந்ததும் எஸ்தர் கேட்டாள். "ஏனுங்க, ஆண்டவர்கிட்ட அத்தனை சத்தமாக் கேக்கறீங்க. மாமாகிட்ட ஒரு வார்த்தை கேக்க மட்டும் முடியாதுங்களா?"

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். அன்று சுகம் கேட்கவில்லை. "ஆண்டவரே, எனக்கு தைரியம் தாரும்," என்று மட்டும் கேட்டேன்.

தந்தார். வீட்டுக்குப் போன கையோடு சொல்லிவிட்டேன். "அப்பா, நீங்க உள்ள புடிக்கறது பாப்பாவுக்கு ஆகறதில்லைங்க. இனி வெளிய போய்ப் புடிங்க."

"படிக்க வெச்சதுக்கு எனக்கே வாசலைக் காட்டறயாக்கும்?" தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு வீட்டுக்குள் பிடித்ததில்லை. என்னோடு பேசியதும் இல்லை.

ஒரு வருஷம் ஆகிறது. ஜெனிக்கு மூச்சு இழுக்கவில்லை. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். இப்போது ஜெபத்துக்குப் போகும் வீடுகளில் புகை வாசம் அடித்தால் கேட்டுவிடுகிறேன். சிலர் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

உங்கள் வீட்டிலும் புகையில் குழந்தை இருமினால் ஆண்டவரிடம் தைரியம் கேளுங்கள். நிச்சயம் தருவார். கேட்ட அன்றே எழுந்து போய்ச் சொல்லுங்கள். நான் தள்ளிப்போட்டேன். மூன்று முறைக்கும் சேர்த்து ஆஸ்பத்திரியில் கட்டியது அறுபத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய்.