மாமாவின் அமெரிக்கக் கையெழுத்து

எங்கள் குடும்பத்தில் அமெரிக்காவை உருவாக்கிய பெரிய மனிதர்களோடு தொடர்பு வைத்திருந்தவர் மாமா ஒருவர்தான். டென்மார்க்கில், நாங்கள் இருந்த ஹொல்ஸ்டெப்ரோ நகரில், ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. வேலையால் வந்து, குளித்து, திருநீறு பூசிக்கொண்டு அலுமாரியைத் திறப்பார். உள்ளே அந்த நாட்டின் முதல் தலைமுறைத் தலைவர்களும் மந்திரிகளும் கையெழுத்திட்ட கடிதங்கள் இருக்கும். மற்றப் பிள்ளைகளின் மாமாமார் கார் வாங்கினார்கள். என் மாமா ஏலத்தில் கடிதம் வாங்கினார். அவருக்குக் கலியாணம் ஒப்பேறாததற்கு அதுதான் காரணம் என்று அம்மா சொல்வார். மாமா அதை மறுத்ததில்லை.

யாரோ ஓர் அதிகாரி போட்ட கையெழுத்தால்தான் மாமாவுக்கு டென்மார்க்கில் இருக்க இடம் கிடைத்தது. அதிலிருந்து அவருக்குக் கையெழுத்துமேல் ஒரு பக்தி. "மனிசனை நம்பாதை பிள்ளை, அவன்ரை கையெழுத்தை நம்பு" என்பார். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகுதான் கடிதங்களைத் தொட எனக்கு அனுமதி. வெயில் கூடாது, பசை கூடாது, பிளாஸ்டிக் உறை கூடவே கூடாது. கடிதத்தை எழுத்தர் எழுதியிருப்பார், அடியில் இருக்கும் கையெழுத்து மட்டும் தலைவருடையது என்பதை எனக்குக் காட்டித் தந்ததும் அவர்தான். பத்து வயதில் நான் அதைப் பார்த்தவுடனே சொல்வேன்.

அவருடைய சேகரிப்பின் ராசா, ஒரு மந்திரி கையெழுத்திட்ட கடிதம். மை மண்ணிறமாகிவிட்டாலும் கையெழுத்து மிடுக்காக இருந்தது. விஷயம் என்னவோ, தெரிந்த கப்பல்காரர் ஒருவருக்குத் துறைமுகத்தில் வேலை கேட்டு ஒரு சிபாரிசு. அமெரிக்காவும் எங்கள் ஊர்போலத்தான் தொடங்கியிருக்கிறது என்று அப்பா சிரிப்பார்.

இலங்கையில் போர் முடிந்த வருடம் அது. அம்மாவுக்கும் மாமாவுக்கும் கடைசித் தங்கையான சின்னம்மா, தன் ஒரே மகனோடு வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். அவன் என்னைவிட ஒரு வயது இளையவன். முன்பெல்லாம் போனில் பனிக்கட்டி என்ன ருசி என்று என்னிடம் கேட்பான். இப்போது போனே வருவதில்லை. வீட்டில் தொலைக்காட்சி அணைவதில்லை, உலை வைத்தால் இறக்க ஆளில்லை. கோப்பன்ஹேகனில் அமெரிக்கத் தூதரகத்தின் முன் ஊர்வலம் என்றதும் மாமா எழுந்து நின்றார். போரை நிறுத்தக் கேட்கும் மனுவோடு தன் ராசாவையும் கொடுக்கப்போவதாகச் சொன்னார்.

"வெறுங்கையோடை போனால் ஆர் மதிப்பான்? தங்கடை பெரியவரின்ரை கையெழுத்தைக் கண்டால் எழும்பி நிண்டு கேப்பாங்கள்."

எனக்கு அதில் துளி சந்தேகமும் இருக்கவில்லை. மாமா கடிதத்தை அம்மாவிடம் ஒப்படைத்து, மழை வந்தாலும் நனையாமல் கொண்டுபோக ஒரு வழி பார்க்கச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான்.

அம்மா ஊரை விட்டு வரும்போது, கடலில் வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறி, அவருடைய பள்ளிக்கூடச் சோதனைச் சான்றிதழ்கள் எல்லாம் கூழாகிப் போயின. அன்றிலிருந்து கையில் கிடைக்கும் காகிதத்தையெல்லாம், வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோய் லமினேட் செய்துவிடுவார். எங்கள் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூட அறிக்கை, பிள்ளையார் படம், பஸ் நேர அட்டவணை எல்லாம் வீட்டில் பளபளத்தன. அமெரிக்க மந்திரியும் தப்பவில்லை.

"இனிக் கடலுக்கை விழுந்தாலும் ஒண்டும் ஆகாது, தம்பி" என்று வேலையால் வந்த மாமாவிடம் அம்மா பெருமையோடு நீட்டினார். சூட்டில் அழுத்தி, இரண்டு பக்கமும் ஒட்டி, விறைத்துக் கிடந்தது ராசா. வீடு இரண்டாகப் போகிறது என்று நான் கதவோரம் ஒதுங்கினேன். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நல்லாச் செய்திருக்கிறியள் அக்கா" என்றார். அவ்வளவுதான். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

ஊர்வலத்துக்கு ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து பஸ் பிடித்துப் போனோம். ரோல்ஸும் பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் கைக்குக் கை மாறின. மாமா கோட்டுப் போட்டிருந்தார். கோப்பன்ஹேகனில், மாமா பயந்தபடியே, நல்ல மழை. தூதரக வாசலில் மனு கொடுக்க எங்களில் சிலரை விட்டார்கள். டேனிஷ் கதைக்கவென்று என்னையும் மாமா முன்னால் தள்ளினார்.

காவலாளி மனுவை வாங்கினார். கடிதத்தைப் பார்த்ததும், பெறுமதியான பொருள் எதையும் வாங்க அனுமதி இல்லை என்றார். பிறகு பிளாஸ்டிக்கைத் தட்டிப் பார்த்து, "இது பிரதிதானே?" என்று டேனிஷில் கேட்டார். அசல் என்று சொல்ல நான் வாய் திறந்துவிட்டேன். மாமா என் தோளைப் பிடித்து அழுத்தினார். பின்னால் அம்மா குடைகூட இல்லாமல் நின்றார்.

"ஓம் எண்டு சொல்லு பிள்ளை. பிரதிதான்" என்றார் மாமா.

சொன்னேன். காவலாளி கடிதத்தை மனுவோடு சேர்த்து உள்ளே கொண்டுபோனார். அசலுக்கும் பிரதிக்கும் வித்தியாசம் தெரியாதவரைப் பார்த்து எனக்கு இளக்காரமாக இருந்தது. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும் என்று பஸ்ஸில் மாமாவுக்கு நானே தைரியம் சொன்னேன். அவர் என் தலையைத் தடவிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த மாதம் போர் நின்றது. எங்கள் கடிதம் வேலை செய்துவிட்டது என்று வகுப்பில் எழும்பி நின்று சொன்னேன். கொஞ்ச நாளில் முகாமிலிருந்து சின்னம்மாவின் போனும் வந்தது. அம்மா அழுதார். மாமா போனை வாங்கி, "சாப்பிட்டனியோ? காயம் கீயம் இல்லைத்தானே? தண்ணி தாறாங்களோ?" என்று கேட்டுக்கொண்டே போனார். சின்னம்மா ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்றது எனக்கும் கேட்டது. மகனைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரியவர்களுக்கு எப்போதும் இப்படித்தான், முக்கியமானது மறந்துபோகும். நான் போனுக்குப் பக்கத்தில் போய், "சின்னம்மா, தம்பியிட்டைக் குடுங்கோ" என்று கத்தினேன்.

இதற்கு மட்டும் சின்னம்மா ஓம் சொல்லவில்லை. மாமா போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். அம்மா என்னை இழுத்துத் தன் மடிக்குள் புதைத்தார். கடிதம் போய்ச் சேர்ந்து, போர் நின்று, சின்னம்மாவும் கிடைத்த நல்ல நாளில் இவர்களுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெரியவில்லையே என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.