பெம்பானில் தென்சிலுவை

சின்னக் கேமராவில் நட்சத்திரம் விழாது என்றே எங்கள் வீட்டில் நம்பினார்கள். என் கணவர் மட்டும் நம்பாமல் இந்தக் கேமராவை வாங்கினார். அவர் எடுக்க நினைத்து எடுக்காமலே போன தென்சிலுவை நட்சத்திரக் கூட்டத்துக்காக, பெம்பான் ஊரில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து முனியாண்டி கோயில் வாசலில் கேமராவின் முக்காலியை நிறுத்துகிறேன். கோயில் மின்விளக்கு வானத்தையே வெளுக்க வைக்கிறது.

“கொஞ்ச நேரம் லைட்ட அணைக்கலாமா அக்கா?” என்று, கோயிலைப் பூட்ட வந்த பெண்ணிடம் கேட்கிறேன்.

“சாமிய இருட்டுல விட்டா எனக்குத்தான் ஏச்சுலா. இருங்க, அகல் ஏத்திட்டு அணைக்கிறேன்.”

முதல் படம் என் விரல் பட்டு ஆடிவிடுகிறது. அடுத்ததைக் கேமராவே எடுக்கும்படி வைத்துவிட்டு, இருபது விநாடி இருவரும் அசையாமல் நிற்கிறோம். திரையில், செம்பனைகளுக்கு மேலே நான்கு புள்ளிகள் தெளிவாகத் தெரிகின்றன.

“அழகா வந்திருக்குலா! வீட்டுக்காரர் வரலையா?”

“அவர் போன வருஷம் தவறிட்டார். நான்தான் இருக்கேன்.”