பதக்கத்தில் இருந்த பெண்

1984, சீனப் பெருநாள் முடிந்த ஞாயிறு. காலை ஏழேகாலுக்கு அத்தையும் நானும் ரவாங்கில் பஸ் ஏறினோம். பத்தாங் பெர்ஜுந்தையில் இறங்கி வேறு பஸ் மாறினால் கோல சிலாங்கூர். மொத்தம் முப்பது கட்டைக்கு, அதாவது முப்பது மைலுக்கு, சற்றுக் குறைவு. டிக்கெட் ஆளுக்கு இரண்டு வெள்ளி இருபது சென். வழியெல்லாம் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய் தரும் செம்பனை நட்டிருந்தார்கள். சாய்த்த மரங்கள் அங்கங்கே எரிந்துகொண்டிருந்தன.

அத்தையின் மடியில், துணியில் சுற்றிய ஒரு வெண்கலப் பதக்கம். தோட்டத்தில் இருபத்தைந்து வருஷம் பால்மரம் சீவியதற்காக மாமாவுக்குக் கொடுத்தது. அதில் மரத்தருகே நிற்கும் ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம். அது அத்தை மகள் பூங்கொடி. பதக்கம் செய்ய வந்த போர்த்துகீசியச் சிற்பி துவார்த்தே அவளைத் துரை பங்களா வாசலில் நிறுத்தி, களிமண்ணில் உருவம் பிடித்தார். மறு வருஷமே மஞ்சள் காமாலையில் அவள் போய்விட்டாள். ஒரு போட்டோகூட இல்லை. பதினெட்டு வருஷமாக அத்தை அந்தப் பதக்கத்தைத்தான் சாமிப் படங்களோடு வைத்துக் கும்பிட்டு வந்தார்.

தோட்டம் விலைபோய், லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, போன வாரம்தான் அத்தை என் வீட்டுக்கு வந்தார். வந்ததும் கேட்டது ஒன்றே ஒன்று. சிற்பி இன்னும் உயிரோடு கோல சிலாங்கூர் பக்கம் இருக்கிறாராம். அந்தக் களிமண் உருவம் அவரிடம் இருந்தால் வாங்கித் தர வேண்டும்.

கோல சிலாங்கூரிலிருந்து பாலத்தைக் கடந்து பாசிர் பெனம்பாங் போக டாக்சிக்கு மூன்று வெள்ளி. மலாய்க்கார டிரைவருக்கு இடம் தெரிந்திருந்தது. "வெள்ளைக்காரக் கிழவரா? அவரைப் பார்க்க யாருமே வருவதில்லையே" என்றார்.

மீன் கிடங்குக்குப் பின்னால் ஒரு பலகை அறை. துவார்த்தே எழுபதைத் தாண்டியவர். அவர் சந்தை மலாயில் பேசினார். நான் அத்தைக்குத் தமிழில் சொன்னேன். போர்ட்டோ நகரில் பதக்கம் வார்ப்பவரின் மகன். இளம் வயதிலேயே பரிசு வாங்கியவர். மாதா சிலைகள் செய்யக் கோவாவுக்குப் போய், அங்கே போர்த்துகீசிய ஆட்சி முடிந்ததும் மலாயாவுக்குக் கப்பலேறினார். கிளப்புக் கோப்பைகள், ஓய்வுபெறும் துரைமார்களின் மார்பளவுச் சிலைகள், பதக்கங்கள் என்று செய்துகொண்டிருந்தார். துரைமார்கள் போனதும் வேலையும் போயிற்று. பிறகு முடக்குவாதம் வந்து விரல்களும் மடங்கிவிட்டன.

அத்தை பதக்கத்தைச் சிற்பியின் மடியில் வைத்தார். "எம் மவங்க. இவள மண்ணுல செஞ்சீங்களே, அது இருக்கா? கேளுடா."

அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

"அந்தப் பெண் ஞாபகம் இருக்கிறாள். ஆனால் இது அவள் இல்லை."

துரைக்கு அந்த முகம் பிடிக்கவில்லையாம். ரொம்ப மெலிவு, ரொம்பச் சோகம், அழகாக ஒரு முகம் போடு என்றாராம். இவர் அதே களிமண்ணைப் பிசைந்து, மனத்தில் இருந்த வேறொரு முகத்தைச் செய்தாராம்.

"என் தங்கை அமேலியா. காசநோயில் செத்துப்போனாள்."

"என்னடா சொல்றாரு?" என்று அத்தை மறுபடி மறுபடி கேட்டார். சொன்னேன்.

அத்தை அழவில்லை. "மூக்கு வேற மாதிரிதான் இருந்துச்சு. பதக்கத்துல சின்னதா அடிச்சா அப்பிடித்தான்லா வரும்னு நெனச்சிட்டேன்" என்றார். பதக்கத்தைத் துவார்த்தேயின் மடியிலேயே விட்டார். "அவரு தங்கச்சிய அவரே வெச்சிக்கட்டும்னு சொல்லு."

மடங்கிய விரல்களால் அவரால் அதை எடுக்க முடியவில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே இடுக்கிப் பிடித்துக்கொண்டார். நாங்கள் வெளியே வந்தபோதும் தலை நிமிரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அத்தை வெளியே பார்த்தபடியே வந்தார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "பதக்கம் போனா என்ன அத்தை, உங்க மனசுல இருக்கால்ல?" என்றேன்.

"அதான்டா தேடிப் பாக்கறேன்" என்றார். "இத்தன வருஷமா அந்த மூஞ்சியவே பாத்துப் பாத்து, கண்ண மூடுனா அதான் வருது. எம் மவ வர மாட்டேங்கறா."

நானும் பூங்கொடியோடு ஓடி விளையாடியவன்தான். ரவாங் வரும்வரை நானும் கண்ணை மூடித் தேடினேன். புருவத்துக்கு மேலிருந்த தழும்பு வந்தது. முகம் வரவில்லை.