பசை ரூம் பேய்

கம்பெனி வேன் ஓட்றவன் பேய்க் கதை சொன்னா, புளியமரத்தாண்ட மோகினி கைகாட்டி நிறுத்துனாளானு காதைத் தீட்டிக்கினு உக்காருவீங்க. ஸ்டியரிங் புடிச்ச தோஸ்துங்களே, பேஜாராவாதீங்க. நான் ஏத்துன பேய் பட்டப்பகல்ல, ஆம்பூர்ல எங்க ஷூ கம்பெனி பசை ரூம்லருந்து வந்துச்சு.

மொத டிரிப்

ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்ற சுகுணா, பேரணாம்பட்டுப் பொண்ணு. ஒருநாள் பேச்சு குழறி, சிரிச்சிக்கினே கீழ சாஞ்சிட்டா. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். "பசை நெடியா இருக்கும். கொஞ்ச நாள் வேலைக்குப் போவாம இருந்து பாரும்மா"ன்னாங்க டாக்டரம்மா. கைக்கொழந்தையோட வாசல்ல நின்ன மாமியார் ஒத்துக்கல.

"நெடி புடிச்சா இருமுவாங்க, சிரிப்பாங்களா? பேய் போற வரைக்கும் இவ கொழந்தயத் தொடக்கூடாது!"

வீட்டுக்கு வராத பேய்

வீட்ல இருந்த வரைக்கும் சுகுணாவுக்கு ஒன்னுமில்ல. வேலைக்கு வந்த அன்னிக்கே மறுபடியும் சாஞ்சா. திரும்பிப் போறப்ப பால் கட்டி, ரவிக்க நனைஞ்சு, வேன்ல அழுதுக்கினே வந்தா. கொழந்த இன்னும் மாமியார் கையிலதான்.

எனக்குத் தாங்கல. சூப்பர்வைசரைப் புடிச்சி, "சார், வீட்டாண்டயே வராத பேய், கம்பெனில மட்டும் கரெக்டா பஞ்ச் அடிக்குதே, இன்னா சார்?"னேன். அவரு பசை ரூம ஒருவாட்டி எட்டிப் பாத்துட்டு வந்தாரு.

"அப்ப பேய் இங்கதான் குடியிருக்கு. பூசாரியக் கூப்டு!"

கற்பூரம்

பூசாரி வந்தாரு. பின்னாடியே மாமியாரும் கொழந்தையும், வாசப்படியோட நின்னுட்டாங்க. சுகுணாவ பசை டின்னுங்க பக்கத்துல உக்கார வெச்சாங்க. தட்டுல கற்பூரம். அந்தப் பசை பெட்ரோல் மாதிரி, குப்புனு பத்திக்கும். "ஐயோ, நெருப்பு வேணாம்"னு கத்துனேன். டிரைவர் பேச்ச யாரு கேக்குறா? தீக்குச்சி பெட்டியாண்ட போய்டுச்சு.

மேனேஜர் மாதிரியே பேசிக் காட்டி வேன்ல எல்லாரையும் சிரிக்க வெக்கிறவன் நான். அந்தக் கொரல எடுத்து உட்டேன்: "எவன்டா அது? எல்லாரும் டிஸ்மிஸ்!"

குச்சி உரசாமயே கீழ உழுந்துச்சு. தன் கொரலக் கேட்டு நிஜ மேனேஜரே ஓடியாந்தாரு. என்னத் திட்ட வாயத் தொறக்கறாரு, பூசாரி கண்ணு சொருகி, சிரிச்சிக்கினே செவுத்துல சாஞ்சாரு. டீ குடுக்க வந்த பர்வீன் தட்டோட அப்படியே நின்னுடுச்சு.

"யா அல்லா, பூசாரிக்குமா பேய்? காத்து பட்டா பசை காஞ்சிடும்னு ஃபேன நிறுத்தி, ஜன்னல சாத்தி வெச்சிருக்கீங்க. இங்க நின்னா யாருக்குத்தான் சிரிப்பும் மயக்கமும் வராது?"

மாமியார் சுகுணாவ வெளிய இழுத்தாந்து கொழந்தயக் கையில குடுத்துட்டாங்க. மேனேஜர் மட்டும், இந்தப் பூசாரிய இன்னும் பெரிய பூசாரிகிட்ட இட்டுக்கினு போவச் சொல்லி வேன் சாவிய நீட்னாரு.