அக்கா சுற்றிய பாட்டு

தொண்ணூறுகளில் வந்த ஒரேயொரு பொப் பாட்டுக்கென்று வட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. கேட்டால் சிரிப்பீர்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் அதில் சேர்ந்தேன். அந்தப் பாட்டு முதலில் தனியாக, சிங்கிளாக வந்ததாம். பிறகு அதே பாடகர் தன் அல்பத்தில் கொஞ்சம் நீட்டிச் சேர்த்தாராம். சிங்கிளில் தொடக்கப் புல்லாங்குழல் இல்லை. அல்பத்தில் கடைசி வரிகள் திரும்பவும் ஒருமுறை வரும். இதில் எது உசத்தி என்று, பேரப்பிள்ளை கண்டவர்கள்கூட விடியவே எழும்பி அடிபடுவார்கள்.

நான் அடிபடப் போகவில்லை. எனக்கு ஒரு அலுவல் இருந்தது.

அக்கா என் வீட்டில், பேசாலையில், முன்னறைக் கட்டிலில் படுத்திருந்தாள். புற்றுநோய். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆசுப்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஒரு பின்னேரம் அவள் மனம் ஆறட்டும் என்று போனில் சிங்கிளைப் போட்டேன், பிறகு அல்பத்தில் உள்ளதையும் போட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கட பாட்டு இது இல்லையடி.”

அவள் சொன்னது சரி. எங்கள் பாட்டில், கடைசி வரிகள் வரும்போது பாடகரின் குரல் மெல்ல மெல்ல இறங்கும். அழுகையை விழுங்கிக்கொண்டு பாடுவதுபோல் இருக்கும். பிறகு தம் பிடித்து எழும்பும். இந்த இரண்டிலும் மனுசன் பஸ்ஸுக்குப் பிந்திவிட்டதுபோல் ஒரே ஓட்டமாக ஓடி முடிக்கிறார். ஆகவே மூன்றாவதாக ஒன்று எங்கேயோ இருக்கிறது. அக்கா போவதற்குள் அதைத் தேடிப் பிடித்து அவள் காதில் போட்டுவிட வேண்டும். மருந்தால் செய்ய முடியாததற்கு ஈடாக இதையாவது செய்ய நினைத்தேன்.

அக்காவின் நிலைமையையும் எழுதிக் குழுவில் கேட்டேன். “அப்படி ஒண்ணு கிடையவே கிடையாதுங்க” என்றார் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர். கனவில் கேட்டிருப்பேன் என்றார் இன்னொருவர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். காதால் கேட்டதை இல்லையென்று சொல்ல நீங்கள் யார் என்று எழுதினேன். அப்போது லண்டனிலிருந்து ஒருவர் எனக்குத் தனியாகக் குரல் செய்தி அனுப்பினார். அவர் இலுப்பைக்கடவையில் பிறந்து வளர்ந்தவர்.

“தங்கச்சி, அந்த நேரம் நீங்கள் எங்க இருந்தனீங்கள்?”

“வங்காலையில இருந்து இடம்பெயர்ந்து, உங்கட இலுப்பைக்கடவையிலதான்.”

“அப்ப பற்றரி இருந்திராது.”

“பற்றரிக்கு எங்க போறது? சைக்கிள் டைனமோதான்.”

“ஆர் சுத்தினது?”

“அக்கா.”

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். “குறை நினைக்காதேங்கோ. குரல் இறங்கினது பாட்டில இல்லை. அக்கான்ர கை களைச்சிருக்கும்.”

போர் நடந்த அந்த நாட்களில் எங்கள் பக்கத்துக்குப் பற்றரி வர இராணுவம் விடாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றினால் சில்லில் உரசும் டைனமோவிலிருந்து மின்சாரம் வரும். அந்த வயரைக் கசெட் றேடியோவில் கொழுவுவோம். சுற்று குறைந்தால் நாடா இழுபடும், குரலும் தடிக்கும். இது எனக்கும் தெரியாததல்ல. மற்றப் பாட்டுகள் நினைத்த நினைத்த இடத்தில் இழுபடும். இந்தப் பாட்டு மட்டும் ஒவ்வொரு நாளும் அதே இடத்தில்தான் இறங்கும். கை களைப்பதற்கு இடம் தெரியுமா? அதனால்தான் அது பாடகரின் வேலை என்று நம்பினேன்.

அக்காவின் கட்டிலடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். லண்டன் கிழவர் சொன்ன விசர்க் கதையைக் கேள் என்று பகிடியாகத்தான் தொடங்கினேன். அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்க நேரமெடுத்தது.

“அந்தாள் சொன்னது சரிதான். முதல் நாள் கை களைச்சுத்தான் விட்டது” என்றாள். “நீ என்ன சொன்னனீ எண்டு ஞாபகமோ? ‘அக்கா, அவர் அழுறார்’ எண்டனீ. சொல்லிப்போட்டு நீயும் அழுதனீ.”

எனக்கு ஞாபகம் இல்லை.

“அப்பா கடலுக்குப் போய்த் திரும்பி வராத வருசமெல்லோ. எல்லாரும் கத்திக் குழறினம். நீ மட்டும் ஒரு சொட்டும் அழேல்லை. பிள்ளைக்கு ஏதோ ஆகிப்போச்செண்டு அம்மா பயந்து கோயிலுக்கெல்லாம் நேந்தவ. அந்தப் பாட்டுக்குத்தான் நீ முதல் முதல் அழுதனீ. பிறகு நான் ஒவ்வொரு நாளும் அந்த இடம் வரேக்க கையைத் தளர்த்தினனான். நீ அழுது முடிய, திரும்பச் சுத்துவன்.”

“ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?”

“அவர் அழுறார் எண்டு நீ நம்பினனீ. நான் ஏன் அதைக் கெடுக்கவேணும்?”

அவள் கையைப் பிடித்தேன். மணிக்கட்டு என் இரண்டு விரலுக்குள் அடங்கியது. அல்பப் பாட்டைத் திரும்பவும் போடச் சொன்னாள். கடைசி வரிகள் வந்தபோது போர்வைக்கு மேல் அவள் கை சுற்றுவதுபோல் மெல்ல அசைந்து, பிறகு நின்றது. பாடகர் அதைக் கவனிக்காமல் ஓடி முடித்தார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

அடுத்த கிழமை அக்கா போய்விட்டாள். சேமக்காலையில் பெட்டியை இறக்கும்போது அக்காவின் பிள்ளைகள் குழறினார்கள். வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன். முப்பத்தோராம் நாள் பூசையிலும் அப்படித்தான். “அழுதுபோடு பிள்ளை, நெஞ்சு அடைச்சுப்போடும்” என்று பக்கத்து வீட்டு மாமி முதுகைத் தடவினார். அழத்தான் நினைத்தேன். வரவில்லை.

குழுவில் சண்டை இன்னும் ஓயவில்லை. லண்டன்காரர் மட்டும் இடையிடையே அக்காவுக்கு எப்படி என்று கேட்பார். நான் இன்னும் பதில் போடவில்லை.

நேற்றுப் பின்னேரம் முன்னறையில் தனியே இருந்து அந்தப் பாட்டைப் போட்டேன். புல்லாங்குழல் வந்தது. கடைசி வரிகளுக்காகக் காத்திருந்தேன். அந்த இடம் வந்தது. பாடகர் நிற்கவில்லை, ஓடி முடித்துவிட்டார். கையைத் தளர்த்த ஆளில்லை. எனக்கு அழுகை வரவில்லை.